முதுகில் இரண்டு தட்டல்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். இப்போது சொல்வதில்லை. ஏனென்றால் இது நடந்தபோது இருட்டே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம். தலைக்கு மேல் டியூப்லைட்டுகள் எரிந்துகொண்டிருந்தன. எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது, அன்று காய்ச்சலும் இல்லை. நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் ஒருநாள் என் கடைக்கு வந்து அந்த மேடையில் தனியாக உட்கார்ந்து பாருங்கள்.

கடை என்றால் பைக் டியூனிங் கடை. எங்களிடம் டைனோ இருக்கிறது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தரையில் பதித்த பெரிய இரும்பு உருளை அது. அதன்மேல் வண்டியின் பின்சக்கரத்தை ஏற்றி, முன்சக்கரத்தைக் கவ்வியில் பூட்டி, நாலாபக்கமும் பட்டைகளால் இழுத்துக் கட்டிவிடுவோம். ஆக்சிலேட்டரை முறுக்கினால் சக்கரம் உருளையைச் சுற்றும், வண்டி நகராது. எந்த வேகத்தில் இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் போகவேண்டும் என்பது லேப்டாப்பில் கட்டம் கட்டமாக இருக்கும். வண்டி எந்த இடத்தில் திணறுகிறதோ அந்தக் கட்டத்தைத் திருத்துவோம். வண்டிமேல் உட்காருவது நான். திருத்துவது என் தங்கை. உண்மையைச் சொன்னால் மூளை அவளுடையது, முதுகுதான் என்னுடையது.

சத்தம் காதைக் கிழிக்கும். இருவரும் காதுமூடி மாட்டிக்கொள்வோம், பேச்சு எடுபடாது. அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. எனக்குப் பின்னால் ட்ராலியில் லேப்டாப்போடு அவள் நிற்பாள். என் முதுகில் இரண்டு தட்டல் தட்டினால், இன்னும் முறுக்கு என்று அர்த்தம். தோளைப் பிடித்து இழுத்தால், விட்டுவிடு. நான் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன்.

அன்று மேடையில் இருந்தது, தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகிறவரின் வண்டி. அடுத்த வாரம் கல்யாணம். அவருக்கு இது இரண்டாவது. முதல் மனைவி விபத்தில் போய்விட்டாள் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். அதற்குமேல் நான் குடையவில்லை, பெரிய மனிதத்தனமாக விட்டுவிட்டேன். எனக்கென்று இருப்பது தங்கை ஒருத்திதான். முப்பத்தைந்து வயதில் அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பைப் பார்த்தபிறகு வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

காலையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும்போது அவர் சொன்னார்.

"எண்பதைத் தொட்டா இருமுது மச்சான். அதைத் தாண்ட விடமாட்டேங்குது. கல்யாணம் முடிஞ்சு இதுலதான் ரெண்டு பேரும் கிளம்புறோம்."

"சரி பண்ணிடலாம் மாப்பிள்ளை."

அவர் தலை மறைந்ததும் தங்கை முணுமுணுத்தாள். "எண்பதே எனக்குப் பயமா இருக்கு. ரெண்டு தடவை கூட்டிட்டுப் போனார். நல்லாப் போயிட்டே இருக்கும்போது திடீர்னு முறுக்குறார்ணா."

"நீ ஒட்டி உட்காரணும்னுதான்."

"போணா!"

சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். இன்று நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

முதல் ஓட்டத்திலேயே வியாதி பிடிபட்டது. எண்பது வந்ததும் திரையில் கோடு குழி விழுந்தது. அந்த இடத்தில் பெட்ரோல் போதவில்லை. தங்கை கட்டம் கட்டமாகப் பெட்ரோலை ஏற்றினாள். குழி கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்துகொண்டே வந்தது.

அப்போது சில சின்ன விஷயங்கள். செயினைத் துடைக்கும்போது பின்பல்சக்கரத்தில் நீலக் கம்பளி நூல் ஒன்று சுற்றியிருந்தது. குறடால் இழுத்தேன். வந்தது... வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம் இருக்கும். தூக்கிக் குப்பையில் போட்டேன்.

பிறகு பட்டை. பின்பக்கப் பட்டைகளை நான்தான் இறுக்கினேன். சுண்டினால் தந்தி மாதிரி பேசும். அடுத்த ஓட்டத்துக்கு ஏறும்போது பார்த்தால், தொளதொளவென்று தொங்கியது. பின்சீட்டில் ஆள் ஏறி உட்கார்ந்து ஸ்பிரிங் அமுங்கினால்தான் அப்படித் தொய்யும்.

"ஏய், பின்னாடி ஏறி உட்கார்ந்தியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா?"

மறுபடி இறுக்கினேன். மறுபடி தொய்ந்தது. பட்டைப் பூட்டின் பல் தேய்ந்துவிட்டது என்று அதைத் திட்டினேன்.

மூன்று இருபதுக்குக் கடைசி ஓட்டம். தங்கை கடைசித் திருத்தத்தை ஏற்றிவிட்டு, "நூறோட நிறுத்திக்கோணா," என்றாள். தலையாட்டினேன். காதுமூடியை மாட்டிக்கொண்டு, டேங்க்மேல் கவிழ்ந்து, மீட்டரையே பார்த்துக்கொண்டு முறுக்கினேன்.

அறுபது. எழுபது. எண்பது...

திணறவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போனது. சந்தோஷமாக இருந்தது.

தொண்ணூறு. நூறு.

முதுகில் இரண்டு தட்டல்.

நூறு என்றாளே? சரி, அவளுக்கு இன்னும் பார்க்கவேண்டும் போலிருக்கிறது. முறுக்கினேன்.

நூற்றுப் பத்து.

மறுபடி இரண்டு தட்டல். கொஞ்சம் பலமாக.

முறுக்கினேன்.

மறுபடி. இந்த முறை இரண்டோடு நிற்கவில்லை. உள்ளங்கையால் அடி. தட், தட், தட்... மேடையே அதிர்ந்தது. கம்பளி கருகும் நாற்றம் அடித்தது.

இவளுக்கு என்ன ஆயிற்று என்று தலையைத் தூக்கினேன்.

எதிரில் கண்ணாடிக் கதவு.

கதவுக்கு வெளியே தங்கை. காதில் போன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு... சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

தட், தட், தட், தட்.



திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

இன்ஜினை அணைத்தேன்.

சத்தம் அடங்கியது. உருளை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. இன்ஜின் நின்றாலும் உருளை நிற்க நேரமாகும்.

தட்டல் நிற்கவில்லை.

உருளை வேகம் குறைந்தது... தட்டலும் குறைந்தது.

தட்... தட்...

தட்...

உருளை நின்றது.

அதுவும் நின்றது.

பட்டைகள் இரண்டும் 'டங்' என்று இறுகின. பின்சீட்டிலிருந்து யாரோ இறங்கிக்கொண்டார்கள்.

தங்கை உள்ளே வந்தாள். திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "என்னண்ணா, நூத்தி இருபது வரைக்கும் போயிருக்கே?"

"நீதானே தட்டின?"

"நான் எங்க தட்டினேன்? அவர் போன் பண்ணார், வெளிய போயிட்டேன்."

சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினேன்.  அவள் தன் உள்ளங்கையை என் முதுகில் வைத்துப் பார்த்தாள். அங்கே சிவந்திருந்த கைத்தடம் அவள் கையைவிடச் சின்னது.

அன்று மாலை ஐந்து மணிக்கு அவர் வந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. "உங்க மனைவி எப்படி இறந்தாங்க?" என்று நேராகக் கேட்டேன்.

துணியெடுத்து டேங்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார். மைலேஜ் எவ்வளவு என்று கேட்டவனுக்குச் சொல்வதுபோல.

"பின்னாடி உட்கார்ந்திருந்தா. கழுத்துல சுத்தியிருந்த சால்வை நுனி செயின்ல மாட்டிக்கிச்சு."

"நீலக் கம்பளியா?"

"ஆமா. அவளுக்கு வேகம்னா உசுரு. முதுகுல தட்டினா நான் முறுக்கணும். அன்னைக்குப் பாலத்துல இருந்து விடாமத் தட்டினா. நானும் விடாம முறுக்கினேன். ஹெல்மெட், சைலன்சர் சத்தம்... எனக்கு எப்படித் தெரியும்? வாசல்ல வண்டி நின்னப்புறம்தான் தட்டுறது நின்னுச்சு."

"வீடு வரைக்குமா தட்டினாங்க?"

"அதான் எனக்கும் புரியல மச்சான். பாலத்துல மாட்டின நிமிஷமே கழுத்து முறிஞ்சு உயிர் போயிடுச்சாம். டாக்டர் சொன்னார். சால்வைதான் அவளைச் சீட்டுக் கம்பியோட சேர்த்துப் பிடிச்சு வெச்சிருந்தது." துணியை உதறினார். "அதுக்கப்புறம்தான் வண்டி திணற ஆரம்பிச்சுது."

 தங்கை கேட்டாள்.

"என்னைக் கூட்டிட்டுப் போனீங்களே. ஏன் திடீர் திடீர்னு முறுக்கினீங்க?"

அவர் சிரித்தார். "நீதானேம்மா தட்டின."

"நான் தட்டல. பயத்துல என் ரெண்டு கையும் பின்னாடி கம்பியைப் பிடிச்சிருந்தது."

அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. ஒரு துளி பயமில்லை. பின்சீட்டை ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

"அப்ப அவதான்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "திணறலைச் சரி பண்ணிட்டீங்கல்ல?"

தங்கை நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி டேங்க்மேல் வைத்தாள். அவர் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். 

நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பார்கள். தங்கைக்கு இரண்டும் பார்த்தேன். மூன்று மாதம் ஆயிற்று, அவள் மறுபடி சிரிக்க. அவள் உயிரோடு தப்பினாளே, அது போதும் என்றிருந்தேன்.

போன வாரம் சிக்னலில் அந்த வண்டியைப் பார்த்தேன். எனக்கு முன்னால் மூன்றாவதாக நின்றது. பின்சீட்டில் ஒரு சின்னப் பெண். புதுப்பெண் என்று பார்த்தாலே தெரிந்தது. நான் ஹாரனை விடாமல் அழுத்தினேன். "இறங்கும்மா! இறங்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். சைலன்சர் சத்தத்தில் அவள் காதில் எதுவும் விழவில்லை.

பச்சை விழுந்தது. அந்தப் பெண்ணின் இரண்டு கைகளும் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்திருந்தன. நன்றாகப் பார்த்தேன், இரண்டு கைகளும்.

அவன் ஏதோ புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு முறுக்கினான்.

வண்டி எங்கேயும் திணறவில்லை.