பீச்சாங்கை கேட்சர்

என் தங்கை ஜெயித்தவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடது கையில் பென்சில் பிடித்தால் விரல் முட்டியில் ஸ்கேலால் அடித்த டீச்சரிடமிருந்து, எழுதும் உரிமை போனாலும் எறியும் உரிமையைக் காப்பாற்றிக்கொண்டாள். ‘பந்து பொறுக்குற பொண்ணுக்குப் படிப்பு எதுக்கு’ என்ற அப்பாவிடம் பல்கலைக்கழகத்துக்கும் மைதானத்துக்கும் ஒரே மூச்சில் சம்மதம் வாங்கினாள். இடது கைக்காரி கேட்சராக முடியாது என்ற கோச்சை மாற்றிப் பேச வைத்தாள். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத அணியை ஜெயிக்க வைத்தாள்.

சாஃப்ட்பால் என்று பெயர்தான். அந்தப் பந்து விரலில் பட்டவர்களுக்கு அதில் மென்மை எங்கே இருக்கிறது என்று தெரியாது. தங்கையின் பல்கலைக்கழகப் பெண்கள் அணி மிச்சத்தில் உருவானது. ஹாக்கியிலும் கூடைப்பந்திலும் இடம் கிடைக்காதவர்கள் சேர்ந்து ஆரம்பித்தார்களாம். அக்காக்கள் படிப்பு முடித்துப் போகும்போது கையுறைகளையும், விரல் ஜாடைகளையும், தோல்வியையும் தங்கைகளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். மைதானத்தில் பாதியை வாகன நிறுத்தம் ஏற்கெனவே விழுங்கியிருந்தது. தூரமாக அடித்த பந்தைக் கார்களுக்கு அடியில் படுத்துத்தான் எடுக்க வேண்டும்.

தங்கை மூன்றாம் ஆண்டு படித்தபோது விளையாட்டு அதிகாரி கூப்பிட்டுச் சொன்னார்: “இந்த வருஷப் போட்டியில ஒரு ஆட்டமாவது ஜெயிங்கம்மா. இல்லேன்னா மிச்சப் பாதியிலயும் வண்டிதான் நிக்கும்.”

அவள் அப்போது பந்தே வராத வலது மூலையில் நின்றுகொண்டிருந்தாள். ஆசையோ கேட்சர் ஆவதில். மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, எங்கே எறிய வேண்டும் என்று விரலால் ஜாடை காட்டி, வருகிற பந்தைப் பிடிப்பவள் கேட்சர். எறிகிற கை சும்மா இருக்க வேண்டும் என்பதால் இவளுக்கு வலது கைக்கான கையுறை தேவை. அணியிடம் இருந்ததோ இடது கைக்கானது. அதையே வலது கையில் திருப்பி மாட்டிக்கொண்டு, கட்டை விரல் போக வேண்டிய பையில் சுண்டு விரலை விட்டுப் பழகிக்கொண்டிருந்தாள்.

நான் வண்டி சீட்டுக்கு உறை தைக்கும் கடையில் வேலை செய்கிறேன். கிழிந்த கையுறை ஒன்றைத் தையல் பிரித்து, காகிதத்தில் அச்செடுத்து, அதைக் கவிழ்த்துப் போட்டு, லாரி சீட்டுத் தோலில் வெட்டித் தைத்துக் கொடுத்தேன்.

“அக்கா, யானைக் காது மாதிரி இருக்கு.”

“பந்து நிக்குதான்னு பாருடி. அழகை அப்புறம் பாத்துக்கலாம்.”

பந்து நின்றது. ஆனால் கோச் மசியவில்லை. “பீச்சாங்கை கேட்சரை எங்கயாவது பாத்திருக்கியாம்மா?”

“நீங்க பாக்கலைன்னா நான் காட்டுறேன் சார்.”

காட்டும் வேளை கேப்டனின் கட்டை விரலால் வந்தது. அவள்தான் கேட்சர். போட்டிக்கு முந்தின மாலை, மட்டையில் உரசிய பந்து பட்டு அவளுடைய வலது கட்டை விரல் முறிந்தது. அவளை விட்டால் ஆட்டத்துக்கு வேண்டிய ஒன்பது பேர்தான் மிச்சம். அவர்களில் நெட்டை எறியும் பந்துக்கு எதிரில் உட்கார என் தங்கையைத் தவிர யாருக்கும் தைரியம் இல்லை. நெட்டைதான் அவர்களுடைய பந்து வீச்சாளர். கோச் என் தங்கையைப் பார்த்தார். “சரி, உன் யானைக் காதை எடுத்துட்டு வா.”

நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வலைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தொடக்கமே சரியில்லை. இவள் ஒரு பக்கம் கையுறையை நீட்டினால் பந்து மறுபக்கம் போனது. எதிரணி இரண்டு ஓட்டம் எடுத்தது. “கேட்சர் கண்ணாடியைப் பாத்து விளையாடுறா போல!” என்று அவர்கள் பக்கம் ஒருத்தி கத்தினாள். தங்கை ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி நெட்டையிடம் நடந்தாள்.

“ஏன்டி மாத்தி மாத்திப் போடுற?”

“நீதானடி கட்டை விரலை நீட்டுன? கட்டை விரல்னா அந்தப் பக்கம், சுண்டு விரல்னா இந்தப் பக்கம். காலங்காலமா அதுதான!”

“என் கையைப் பாரு. என் கட்டை விரல் எந்தப் பக்கம் நீட்டிட்டு இருக்கு?”

நெட்டை பார்த்தாள். வலது கைக் கேட்சர்கள் வகுத்த ஜாடை அது. கை மாறியதும் கட்டை விரல் எதிர்ப்பக்கத்தைக் காட்டியது. தங்கை விரல் காட்டும் திசையை நினைத்தாள், நெட்டை விரலின் பெயரை நினைத்தாள். முந்தின மாலை கேப்டனுக்கு அடிபட்ட பிறகு மட்டையாளர் இல்லாமல் நேராக எறிந்து பழகியதால் இது இருவருக்குமே உறைக்கவில்லை.

“சரி, நீ பழையபடி மாத்திக் காட்டு,” என்றாள் நெட்டை.

தங்கை, நெட்டையின் முதுகுக்குப் பின்னால், ஓட்டத்தின் பாதி வழியான இரண்டாம் தளத்தில் நின்ற எதிரணிக்காரியைப் பார்த்தாள். அங்கிருந்து ஜாடை தெரியும். அவள் ஒவ்வொரு முறையும் பந்து வரப்போகும் பக்கத்துத் தோளைத் தொட்டு மட்டையாளருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாறாத ஜாடை எல்லா அணிக்கும் மனப்பாடம்.

“வேணாம்டி. நீ மாறிக்க. அவங்க பழைய பாடத்தையே படிக்கட்டும்.”

அதன்பின் தோளைத் தொட்டுச் சொன்ன பக்கம் மட்டை போனது, பந்து மறுபக்கம் போய் யானைக் காதில் விழுந்தது. அவர்கள் விழித்துக்கொள்வதற்குள் நம் பிள்ளைகள் மூன்று ஓட்டம் எடுத்துவிட்டார்கள். கடைசிப் பந்தைப் பிடித்ததும் கோச் என்னைத் திரும்பிப் பார்த்து, “நான் அப்பவே சொன்னேன்ல, பீச்சாங்கைன்னா தனிதான்னு!” என்றார். அவர் அப்படிச் சொன்னதே இல்லை. இருக்கட்டும்.

ஆட்ட முடிவுத் தாளில் கேப்டன் கையொப்பம் வேண்டும். கேப்டனின் விரலில் மாவுக்கட்டு. “நீ போடு,” என்று பேனாவை என் தங்கையிடம் நீட்டினாள்.

அதுவரை அவள் எங்கும் தன் பெயரை வலது கையால் எழுத்தெழுத்தாக எழுதித்தான் வந்திருக்கிறாள். ஒவ்வோர் எழுத்தும் டீச்சருக்குப் பயந்து நிமிர்ந்து நிற்கும். அன்றும் பழக்கத்தில் வலது கையைத்தான் நீட்டினாள். ஆட்டம் முழுக்க நெட்டையின் பந்தை வாங்கிய அந்தக் கை வீங்கிப் போயிருந்தது, விரல் மடங்கவில்லை. பேனா கீழே விழுந்தது. குனிந்து இடது கையால் எடுத்தாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு கையை மாற்றாமலே, ஒரே இழுப்பில், கடைசி எழுத்தின் வால் கட்டத்தைத் தாண்டி ஓட, போட்டாள்.

என் தங்கை முதன்முதலாகத் தன் கையெழுத்தைப் போட்டது 2009 மார்ச் 14, சனிக்கிழமை.