கடைசிக் கேள்விக்கு நான் சொன்ன பதில்

ஒன்பதாம் வகுப்பில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடுதல். படிப்பில் நான் ஒன்றும் கிழித்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வயலுக்குப் போகிறவள் என்பதுதான் காரணம். வாரம் முழுக்க அந்த ஒரு நாளுக்காகவே காத்திருப்பேன். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து விருத்தாசலத்துக்கு பஸ்ஸில் போய்ப் படித்தேன். வகுப்பில் பாதிப் பேர் பீங்கான் கம்பெனிக்காரர்களின் பிள்ளைகள். சூளைச் சூட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். நாற்று என்றால் விழிப்பார்கள்.

ஒருநாள் விவசாயக் கல்லூரியிலிருந்து இரண்டு அக்காக்கள் வந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு விவசாயம் எவ்வளவு தெரியும் என்று கணக்கெடுக்கிறார்களாம். வேர்க்கடலை எங்கே காய்க்கும் என்று கேட்டதற்கு, என் பக்கத்தில் இருந்தவள் கிளையில் என்றாள். இத்தனைக்கும் அவள் அப்பா பெண்ணாடத்தில் கரும்பு போடுகிறவர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

என் முறை வந்தபோது, நெற்பயிர் என்று ஒரு படத்தை நீட்டினார்கள்.

"இது நெல்லு இல்லீங்க அக்கா, களை. நெல்லு மாதிரியே ஏமாத்தும். அடித்தண்டு செவப்பா இருக்குது பாருங்க."

இருவரும் படத்தை மாறி மாறிப் பார்த்தார்கள். டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை. கேட்டதற்கெல்லாம் பட்டுப்பட்டென்று பதில் சொன்னேன். படித்து முடித்து விவசாயம் செய்வாயா என்பது கடைசிக் கேள்வி. அதுவரை எல்லோரும் மாட்டேன் என்றிருந்தார்கள். செய்வேன் என்றேன்.

சாயங்காலம் அப்பா சாப்பிடும்போது எல்லாவற்றையும் ஒப்பித்தேன். களைப் படத்துக்குப் புரையேறும்வரை சிரித்தார். கடைசிக் கேள்விக்கு வந்ததும் பிசைந்த கை நின்றுவிட்டது.

"அப்படியா சொன்ன?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஞாயிறு நான் வண்டியருகே போய் நின்றேன்.

"நீ வர வாணாம். வூட்டுல உக்காந்து படி."

அதற்கடுத்த ஞாயிறும் அதையே சொன்னார். மூன்றாம் வாரம், ஞாயிறு காலையில் கணக்கு டியூஷன் சேர்த்துவிட்டார். நான் அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல. எந்தக் கேள்விக்குத் தப்பாகச் சொன்னேன் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"எல்லாத்தையும் சரியாத்தான் சொல்லியிருக்க. அதான் அவருக்குப் பயம்," என்றாள் அம்மா.

சரியாகச் சொன்னதற்கு எதற்குப் பயம் என்று எனக்கு விளங்கவில்லை. இனி யார் வந்து கேட்டாலும் வேர்க்கடலை கிளையில்தான் காய்க்கும் என்று சொல்லிவிடுவது, அப்போதுதான் அப்பா மறுபடியும் வயலுக்குக் கூட்டிப்போவார் என்று முடிவு செய்துகொண்டேன்.