ராஜாவின் படுக்கை விரிப்பு

எங்கள் அண்ணனுக்கு அம்மாவின் மேல் திடீரென்று பாசம் பொங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவனுடைய முதலாளி தன் அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு பழைய தலைநகரத்தைச் சுற்றிக் காட்டிய படங்களை இணையத்தில் போட்டிருந்தார். ஊரே பார்த்து உருகியிருந்தது. மறுநாளே அண்ணன் வந்து நின்றான்.

"அம்மா, உன்னை அரண்மனையெல்லாம் கூட்டிட்டுப் போய்க் காட்டப்போறேன்."

"எனக்கு முட்டி வலிக்குதுடா."

"ரெண்டே நாள் டூர், ஏசி பஸ்மா. வாசல்லயே கொண்டுபோய் இறக்கிவிடுவான். நீ சிரிச்சுக்கிட்டு நின்னா போதும்."

அம்மாவுக்குத் துணையாக என்னையும் இழுத்துப் போட்டான். படம் எடுக்க ஆள் வேண்டுமே.

அம்மா இருபத்தொன்பது வருஷம் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். ரத்தக்கறையைச் சுடுதண்ணீரில் போடக் கூடாது, இஸ்திரி போடும் சூடான உருளைக்குள் விரிப்பை விடும்போது விரலை எங்கே வைக்கக் கூடாது என்பதெல்லாம் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். வலது கட்டைவிரலில் அந்த உருளை வைத்த சூடு இன்னும் வெள்ளையாக இருக்கிறது. அந்த வேலையில்தான் நாங்கள் இரண்டு பேரும் படித்தோம். அண்ணன் வெளியில் சொல்லும்போது, "அம்மா மெடிக்கல் ஃபீல்டுல இருந்தாங்க" என்பான். அவன் குழாயும் வாஷ்பேசினும் விற்கிற கடையில் சூப்பர்வைசர். கேட்டால் "இன்டீரியர்ஸ்" என்பான். என் யோக்கியதையை அப்புறம் சொல்கிறேன்.

பஸ்ஸில் எங்களோடு முப்பது பேர். அதில் பாங்க் அதிகாரி ஒருவர், தங்க பிரேம் கண்ணாடிக்காரர். ஏறிய பத்தாவது நிமிஷத்தில் அண்ணன் அவர் பக்கத்து சீட்டில் போய் ஒட்டிக்கொண்டான். அம்மாவைப் படம் எடுக்க வேண்டிய இடங்களில் மட்டும் வந்து தோளில் கை போட்டு நிற்பான். க்ளிக் ஆனதும் கை போய்விடும்.

கோட்டை வாசல், பீரங்கி மேடை, ராணி குளித்த குளம் என்று பார்த்துவிட்டு அரண்மனைக்குள் போனோம். எங்கள் கைடுக்கு வாய் என்றால் அப்படியொரு வாய். எந்தத் தூணைக் காட்டினாலும் அதன் கீழே ஒரு காதலோ கொலையோ நடந்திருந்தது. கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. கடைசியில் ராஜாவின் படுக்கையறை. கயிறு கட்டி மறித்த பக்கம், நாலு பேர் உருளலாம் போல ஒரு கட்டில்.

கைடு குரலைத் தாழ்த்தினார். "ராஜா கடைசியா கண்ணை மூடினது இந்தக் கட்டில்லதான். இருநூத்தி எழுபது வருஷம் ஆச்சு. அவர் படுத்த அதே விரிப்பு. ஒரு கை படல."

அம்மா கயிற்றுக்கு மேல் குனிந்து பார்த்தாள்.

"தம்பி, இது மெஷின் தையல்" என்றாள். கேலியே இல்லை, தப்பான வார்டுக்குப் போன துணியைத் திருப்பி அனுப்புகிற அக்கறைதான். "ஓரத்துல ஓவர்லாக் அடிச்சிருக்கு பாருங்க. பாலியெஸ்டர் கலந்த துணி. அந்த மூலையில லேபிளை வெட்டின தடம்கூட அப்படியே இருக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும். கைடின் முகம் கறுத்துவிட்டது.

"இந்தம்மா யார் கூட வந்தாங்க? கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போங்கப்பா."

பாங்க் அதிகாரி அண்ணன் பக்கம் திரும்பினார். "உங்க அம்மாவா?"

"இல்ல சார். பஸ்ல பழக்கம், அவ்வளவுதான்."

அம்மா மூன்றடி தள்ளித்தான் நின்றாள். அவள் காது ரொம்பத் தீட்சண்யம். நான் இன்னும் பக்கத்தில். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? மேலே தொங்கிய சரவிளக்கை ரசித்துக்கொண்டிருந்தேன். வாழ்நாளில் அவ்வளவு அக்கறையாக நான் எந்த விளக்கையும் பார்த்ததில்லை. அண்ணனைத் திட்டுவது எனக்குச் சுலபம். அவனாவது வாயைத் திறந்து பொய் சொன்னான்.

அம்மா பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனாள்.

முக்கால் மணி நேரம் கழித்து எல்லாரும் பஸ்ஸில் ஏறியபோது அம்மாவின் சீட் காலி. அண்ணன் முதலில் போனைக் காதில் வைத்தான். அம்மாவின் போன் என் பையிலேயே மணி அடித்தது. பேந்தப் பேந்த விழித்துவிட்டு மெதுவாகக் கைடிடம் போனான்.

"ஒரு ஆள் குறையுது."

"யாரு?"

முப்பது பேரும் பார்க்கிறார்கள். அண்ணன் தொண்டையைச் செருமினான்.

"எங்க அம்மா."

பாங்க் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். வீடு திரும்பும்வரை அவனோடு அவர் பேசவில்லை.

காவல் அறையில் மைக்கில் அறிவிப்பதற்காக, "என்ன கலர் உடுத்தியிருந்தாங்க?" என்று கேட்டார்கள். அண்ணன் நீலம் என்றான், நான் பச்சை என்றேன். காவலாளி எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். கடைசியில் அண்ணன் தன் போனில் இருந்த படத்தைத் திறந்தான். பழுப்பு நிறம். "ஓ, இந்தம்மாவா! பின்பக்கம் துணி உலர்த்துற இடத்துக்கு வழி கேட்டாங்களே" என்றார் அவர்.

அரண்மனைக்குப் பின்னால், எந்தக் கைடும் காட்டாத ஒரு சிமெண்டு முற்றம். கம்பிகளில் திரைச்சீலைகள் காய்ந்துகொண்டிருந்தன. நடுவில் அம்மாவும் சலவைக்காரி ஒருத்தியும் ஒரு பெரிய விரிப்பின் இரண்டிரண்டு முனைகளைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து மடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

"வாடி, இங்க பாரு" என்று அம்மா என்னைக் கூப்பிட்டாள். "ராஜா விரிப்பு மொத்தம் ஆறு இருக்காம். மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்துறாங்களாம்."

"வெயில்ல நிறம் போயிடுதுங்க்கா" என்றாள் சலவைக்காரி. "புதுசு வந்தா தேயிலைத் தண்ணியில ஊறவெச்சுப் பழசாக்குறதும் நான்தான்."

அதற்குள் அண்ணன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். "எங்கம்மா போய்த் தொலைஞ்ச? எல்லார் முன்னாடியும் என் மானமே போச்சு!"

"உன் மானத்தை நான் ஏன்டா எடுத்துட்டு வரப்போறேன்?" என்றாள் அம்மா, விரிப்பின் மடிப்பை உள்ளங்கையால் நீவிக்கொண்டே. "உன் பையிலயே நல்லா தேடிப் பாரு."

சலவைக்காரி அடுத்த விரிப்பை எடுத்தாள். அதையும் மடித்து வைத்துவிட்டுத்தான் அம்மா கிளம்பினாள். பஸ் காத்திருந்தது.

மறுநாள் அவள் டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தாள். கைடு எந்தச் சாமானைக் காட்டினாலும் கூட்டம் முதலில் அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. பாவம், மத்தியானத்துக்கு மேல் அவர், "இது மட்டும் ஒரிஜினல்மா, சத்தியமா" என்று தானாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஊர் திரும்பியதும் அண்ணன் படங்களைப் போட்டான். மேலே, 'அம்மாவின் வாழ்நாள் கனவு நிறைவேறியது'. அப்படியொரு கனவு அம்மாவுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. முதலாளி கண்ணீர் விடுகிற பொம்மை ஒன்றைப் போட்டிருந்தார். நானும் ஒரு இதயத்தைத் தட்டிவிட்டேன்.

அந்த அறையில் நடந்தது பற்றி அம்மா எங்கள் இருவரிடமும் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருஷம், பழைய சலவைக்கூடத்துச் சிநேகிதிகள் இரண்டு பேரோடு இன்னொரு ஊர்க் கோட்டையைப் பார்க்கக் கிளம்பிப் போனாள். போவதாக எங்களிடம் சொல்லக்கூட இல்லை. திரும்பி வந்த பிறகு, "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"கோட்டை சுமார்தான்" என்றாள். "கூட வந்தவங்க நல்லா இருந்தாங்க."