லித்தியமும் உப்பில்லாச் சோறும்

கத்திரி வெயிலில் எங்கள் நன்னிலம் ஊரே வெந்துகொண்டிருந்தபோது நான் போர்வை கேட்டேன். என் கணவர் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதல் அறிகுறி அதுதான். எங்கள் இருவருக்கும் அது புரியவில்லை.

எனக்கு இருமுனை மனநிலைக் கோளாறு (மனம் அளவுகடந்து பொங்குவதும், பிறகு ஒரேயடியாகச் சோர்ந்து விழுவதுமான நோய்). சில வருடங்களாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். அதற்கு முன், தாமரைக் குளம் வெட்டப்போகிறேன் என்று கதிர் பிடித்த சம்பா வயலில் டிராக்டரை இறக்கியவள் நான். ஊரில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அடுத்து முகம் வீங்கியது. பேச்சு இழுத்தது. மனச்சோர்வு திரும்பிவிட்டதோ என்று பயந்தேன். கணவர் வேறு முடிவுக்கு வந்திருந்தார்.

"உடம்புல நீர் கோத்திருக்கு. உப்பை நிறுத்தினா வடிஞ்சிடும்."

அன்றிலிருந்து சமையல் அவருடையது. சோற்றிலும் உப்பில்லை, குழம்பிலும் உப்பில்லை. எனக்குத் துணையாகப் பாவம், அவரும் அதையே சாப்பிட்டார்.

வீக்கம் வடியவில்லை. கைகள் நடுங்க ஆரம்பித்தன. ஒரு காலையில் வாந்தி எடுத்து, நடக்கக் கால் பின்னியதும் தஞ்சாவூர் மருத்துவமனைக்கு ஓடினோம்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் மருத்துவர் அம்மா என் கழுத்தைத் தடவிப் பார்த்தார். லித்தியத்தால் தைராய்டு (கழுத்தின் முன்புறம் இருக்கும் சுரப்பி) மந்தமாகியிருந்தது. குளிரும் வீக்கமும் அதனால் வந்தவை. நடுக்கம் வேறு கதை. "உப்பைத் திடீர்னு குறைச்சா லித்தியம் வெளியேறாம ரத்தத்துல ஏறிடும்ங்க" என்றார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்போதைக்கு லித்தியத்தை நிறுத்தணும்."

எனக்கு உயிரே போய்விட்டது. கழுத்தைக் காப்பாற்றப்போய் மனதை இழந்துவிடுவேனா?

"அதை நிறுத்தினா நான் நானா இருக்க மாட்டேன் டாக்டர்."

"கொஞ்ச நாள்தாம்மா. அளவு இறங்கினதும் பார்த்துத் திரும்ப ஆரம்பிப்போம். தைராய்டுக்குத் தனி மாத்திரை இருக்கு. ஒண்ணுக்காக இன்னொண்ணை விட வேண்டாம்."

மருத்துவமனையில் இருந்த அந்த நாட்களில் ஒவ்வொரு எண்ணத்தையும் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். பிறகு லித்தியம் குறைந்த அளவில் திரும்பி வந்தது. விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை.

லித்தியம் எடுப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். தைராய்டு பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மாத்திரையையோ உப்பையோ மருத்துவரைக் கேட்காமல் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள்.

என் உடம்பு இப்போது எனக்கே கொஞ்சம் அந்நியம். சோர்ந்தால் சுரப்பியா மனமா என்று கேட்கிறேன். அடுத்த ரத்தப் பரிசோதனை வரைக்கும்தான் நாட்களை நம்புகிறேன்.

ஆனி மாதத்தில் ஒருநாள் வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்தது. வரப்பில் நின்று பார்த்தபோது மனம் துள்ளியது. உடனே பயம் வந்தது. இது குணமா, நோயா? கணவரைக் கூப்பிட்டேன்.

"எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்குங்க."

அவர் முகம் வெளுத்தது. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ராத்திரி தூங்கினியா?"

"நல்லாத் தூங்கினேன்."

"டிராக்டரை எடுக்கணும்னு எதுவும் தோணலியே?"

"இல்லை."

அவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப சந்தோஷமா இருந்துட்டுப் போ."