கருப்பாயி அம்மா

மதுரை கோர்ட்டில் நான் டவாலியாக இருந்தேன். வழக்குக்கு வந்தவர்களை வாசலில் நின்று மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவது என் வேலை. எல்லோரையும் மொட்டைப் பெயரில்தான் அதட்டுவேன்.

எங்கள் ஜட்ஜ் ஐயா ஓய்வு பெற்ற அன்று, பாராட்டு மேடைக்கு அவரை அழைக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். “மதிப்பிற்குரிய ஐயா அவர்களே!” என்று மூன்று முறை உருகி அழைத்தேன்.

விழா முடிந்து கார் ஏறும்போது அவர் சிரித்தபடி கேட்டார்: “இம்புட்டு மரியாதையாக் கூப்பிடத் தெரியுமாப்பா உனக்கு? நீ சனங்கள அதட்டுறத உள்ள உக்காந்து தினமும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். சொல்லாம விட்டது என் தப்பு.”

எனக்கு முகம் செத்துவிட்டது.

மறுநாள், வருடக்கணக்காக வாய்தாவுக்கு அலைந்த எழுமலை ஊர்ப் பெண்ணை, “கருப்பாயி அம்மா!” என்று மூன்று முறை கூப்பிட்டேன். எதிர் பெஞ்சிலேயே இருந்தும் அவர் அசையவே இல்லை. அருகில் போனேன்.

“என்னையவா கூப்பிட்டீக?” என்று பதறி எழுந்தார். “வேற யாரோ பெரிய மனுசின்னுல்ல இருந்துட்டேன்!”