ஒன்னும் சாப்புடல, மிஸ்ஸி

எஸ்டேட் கிளினிக்கில் வேலை பார்க்கிறவளுக்கு ஊசி போடத் தெரிந்தால் மட்டும் போதாது, மோப்பம் பிடிக்கவும் தெரிய வேண்டும்.

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் நான் நர்ஸ். ஆனால் நர்ஸ் என்று யாரும் கூப்பிடுவதில்லை. சின்னவர், பெரியவர் எல்லாருக்கும் நான் ‘மிஸ்ஸி’தான். டாக்டர் டவுனிலிருந்து எப்போதாவது வருவார். மற்ற நாட்களில் நானும், பெயர் பதிந்து, மாத்திரை எடுத்துக் கொடுத்து, வேனும் ஓட்டுகிற அம்புரோசும்தான். இனிப்பு நீர் என்று இங்கே சொல்கிற சர்க்கரை நோய், பிரஷர், மூட்டுவலி என்று ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டியவர்கள்தான் எங்களிடம் அதிகம் வருவார்கள். இவர்களில் முக்கால்வாசிப் பேர் நான் கொடுக்கும் மாத்திரையோடு வேறு எதையோ சேர்த்துச் சாப்பிடுகிறார்கள் என்பது என் தீராத சந்தேகம். கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மருந்து கொடுத்திருக்கும் உங்களுக்கெல்லாம் இந்த அவஸ்தை புரியும். அதனால்தான் உங்களிடம் சொல்லி ஆற்றிக்கொள்கிறேன்.

எது மருந்து?

பெருமாள் அண்ணன் தோட்டத்து லோரி டிரைவர். இனிப்பு நீர்க்காரர். “வேற ஏதாச்சும் மருந்து சாப்பிடுறீங்களாண்ணே?” என்று கேட்டால், கோயிலில் செருப்போடு நுழைந்தீர்களா என்று கேட்ட மாதிரி பதறிப் போவார். ஒருநாள் அப்படிப் பதறிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் ஒரு பிளாஸ்க் இருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். சர்க்கரையைக் குறைக்கும் என்று இங்கே நம்புகிற பூனைமீசை இலையைக் கொதிக்க வைத்த தண்ணீர், தார் நிறத்தில்.

“இது என்ன?” என்றேன்.

“இதுவா? எல தண்ணி.”

“இதைத்தானேண்ணே கேட்டேன்!”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நீங்க மருந்துன்னு கேட்டீங்க. மருந்துன்னா மருந்துக்கடையில விக்கிறது மிஸ்ஸி. இது வீட்டுக்குப் பின்னால சும்மா மொளைக்குது, இது எப்படி லா மருந்தாவும்?”

சோதனை நாள்

அன்றிலிருந்து என் கேள்வியை மாற்றிக்கொண்டேன். என்ன குடிக்கிறீர்கள், என்ன மெல்லுகிறீர்கள், என்ன நக்குகிறீர்கள், என்ன தடவுகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்பேன். போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கிறது என்று புகார் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

சர்க்கரை சோதிக்கும் நாள் காலையில் மட்டும் எங்கள் கிளினிக்கில் பச்சைப் பாவக்காய் வாசம் தூக்கலாக இருக்கும். ரொம்ப நாள் அது வெளியிலிருந்து வருகிறது என்று நினைத்திருந்தேன். ஒரு சோதனை நாளில் பெருமாள் அண்ணன் பெஞ்சிலேயே வேர்த்து, கை நடுங்கிச் சரிந்தார். அளந்து பார்த்தால் சர்க்கரை அடிமட்டத்தில் கிடக்கிறது. சீனித் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து விசாரித்தேன். காலையில் பசியாறவில்லை. என் மாத்திரையைப் போட்டாயிற்று. அதற்கு மேல் ஒரு பெரிய குவளை பாவக்காய்ச் சாறு. மற்ற நாட்களில் சாறு கிடையாது, வஞ்சகமில்லாமல் இனிப்புப் பலகாரம்தான். என்னிடம் நல்ல நம்பர் காட்டுவதற்காகவே இந்த ஏற்பாடு.

“எதுக்குண்ணே இப்படிப் பண்றீங்க?” என்று கத்தினேன்.

அவர் மிச்சச் சீனித் தண்ணீரை ரசித்துக் குடித்துவிட்டுச் சொன்னார்: “சோதனைன்னு சொல்லிட்டீங்க. படிக்காம வர முடியுமா மிஸ்ஸி?”

ஓடும் முழங்கால்

பெருமாள் அண்ணனின் மனைவி அஞ்சலை அக்காதான் எனக்கு உண்மையில் தூக்கத்தைக் கெடுத்தவர். கொழுந்து வெட்டுகிறவர். கத்தரி பிடித்துப் பிடித்து மணிக்கட்டும், சரிவில் ஏறி ஏறி முழங்காலும் வீங்கிப் போயிருந்தன. அவருக்கும் இனிப்பு நீர் உண்டு. மலைச்சரிவில் நாலு வரிசை ஏறுவதற்குள் உட்கார்ந்துவிடுவார். வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது.

அப்படிப்பட்டவர் ஒரு மாதம் திடீரென்று கிளினிக் படியில் தாவி ஏறி வந்தார். வீக்கத்தையும் காணோம், வலியையும் காணோம். முகம் உப்பி நிலா மாதிரி ஆகியிருந்தது. லயத்து வரிசை வீட்டுப் பெண்களெல்லாம் ‘அக்கா மினுமினுன்னு ஆயிட்டாங்க’ என்று பொறாமைப்பட்டார்கள். நான் சர்க்கரை அளக்கும் மெஷினை எடுத்தேன். பல வருஷ வலி இப்படி ஒரே மாதத்தில் ஓடிப்போகாது. அதோடு அவர் சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. வந்த டாக்டர் வேறு வழியில்லாமல் இனிப்பு நீர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். நான் என் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: “ஒன்னும் சாப்புடல, மிஸ்ஸி.”

அவர் போன பிறகும் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்புரோஸ் மாத்திரை எண்ணிக்கொண்டே சொன்னார்: “நோவு வந்தவங்கள சந்தேகப்படுற மிஸ்ஸிய பாத்திருக்கேன். நோவு போனவங்களயும் சந்தேகப்படுற மிஸ்ஸி நீங்க ஒருத்தர்தான் லா.”

மைக் வைத்த வைத்தியர்

ஒரு சனிக்கிழமை பிரிஞ்சாங் பாசார் மாலாமுக்கு, அதாவது இரவுச் சந்தைக்கு, சோளம் வாங்கப் போயிருந்தேன். ஒரு கடை முன்னால் நல்ல கூட்டம். வெள்ளை வேட்டி, கழுத்தில் மைக்கோடு ஒரு ஆள் தமிழிலும் மலாயிலும் மாற்றி மாற்றிப் பொழிந்து தள்ளிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் பாட்டில் பாட்டிலாகக் கருப்பு உருண்டைகள். முழுக்க முழுக்க மூலிகை, கொஞ்சம் தேன், கொஞ்சம் மான் கொம்பு, பக்கவிளைவே கிடையாது, மூட்டுவலி மூன்றே நாளில் போகும் என்றார். கூட்டத்தின் முன் வரிசையில் பெருமாள் அண்ணனின் தொப்பி தெரிந்தது. பக்கத்தில் அஞ்சலை அக்கா. நான் நெருங்குவதற்குள் இருவரும் காய்கறிக் கடைகளுக்குள் மறைந்துவிட்டார்கள்.

ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மான் படம் இருந்தது. பதிவு நம்பர் இல்லை, யார் செய்தது என்று இல்லை. வலியை அத்தனை சீக்கிரம் அடக்கி, முகத்தை உப்ப வைத்து, சர்க்கரையையும் ஏற்றுவது எது என்று எனக்குத் தெரியும். ஸ்டீராய்டு. ஆஸ்பத்திரியில் டாக்டர் அளந்து கொடுக்கும் மருந்து அது. இந்த மாதிரி உருண்டைகளில் அதைப் பொடித்துக் கலக்கிறார்கள் என்று எங்களுக்கு வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். இதில் என்னென்ன கலந்திருக்கிறது, எங்கே செய்தது, பதிவு நம்பர் எங்கே என்று அடுக்கினேன்.

அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, சிரித்த முகம் மாறாமல் சொன்னார்: “மூட்டு வலிக்கிறவங்க யாரும் இத்தன கேள்வி கேக்க மாட்டாங்க. நீங்க எந்த கிளினிக்ல மிஸ்ஸியா இருக்கீங்க?”

யாராவது சாப்பிட்டால்

ஸ்டீராய்டில் இன்னொரு வில்லங்கம் உண்டு. மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டால் அதைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு தன் வேலையை மறந்துபோய் அதையே நம்பிக் கிடக்கும். திடீரென்று நிறுத்தினால் பிரஷர் இறங்கி உயிரே போய்விடலாம். டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். ஆனால் சாப்பிடவே இல்லை என்கிறவரிடம் எப்படி நிறுத்துவது என்று நான் என்னத்தைச் சொல்வது?

கொசு இருக்கிறதா பார்க்கிறேன் என்ற சாக்கில் அஞ்சலை அக்கா வீட்டுக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த நேரத்தைவிட அடுப்படி அலமாரியைப் பார்த்த நேரம் அதிகம். ஒன்றும் அகப்படவில்லை. அக்கா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, “நீங்க சாப்பிடலன்னே வச்சிக்குவோம்க்கா. அந்தக் கருப்பு உருண்டைய யாராச்சும் சாப்பிட்டா, திடுதிப்புனு நிறுத்தக்கூடாது. எங்கிட்ட சொல்லணும், டாக்டரு படிப்படியா நிறுத்துவாரு. உசுரு சமாச்சாரம்க்கா,” என்றேன். கெஞ்சாத குறைதான்.

அக்கா என் குவளையை வாங்கிக்கொண்டு அமைதியாகச் சொன்னார்: “அப்படி சாப்பிடுறவங்க யாரையாச்சும் பாத்தா சொல்றேன், மிஸ்ஸி.”

காப்பு

சில மாதம் கழித்துத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். அஞ்சலை அக்காவும் பால்குடம் எடுக்க நேர்ந்துகொண்டு கையில் காப்புக் கட்டியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். விரதத்தில் வாயைக் கட்டுவார், சர்க்கரையாவது இறங்கும் என்று சந்தோஷப்பட்டேன். சர்க்கரை என் ஆசைக்கு மேலேயே இறங்கியது.

ஒரு மத்தியானம் பெருமாள் அண்ணனும் அம்புரோசும் அக்காவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். உடம்பெல்லாம் சில்லிட்ட வேர்வை. காலையிலிருந்து வாந்தி. கண் செருகிக்கொண்டிருந்தது. சர்க்கரை பாதாளத்தில், பிரஷர் அதைவிட மோசம். குளுக்கோஸ் ஏற்றினேன். சர்க்கரை எழுந்து வந்தது, பிரஷர் அசையவில்லை. என் பழைய புத்தி உடனே தலைதூக்கியது. “என்னக்கா சாப்பிட்டீங்க? உண்மையச் சொல்லுங்க!” என்று உலுக்கினேன்.

அக்கா காப்புக் கட்டிய கையை மெல்லத் தூக்கி நெஞ்சில் வைத்தார். “ஆத்தா சத்தியமா ஒன்னும் சாப்புடல, மிஸ்ஸி.”

நான் அந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தேன். காப்புக் கட்டிய கையோடு எங்கள் தோட்டத்தில் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். அந்த நாட்களில் கடைக்காரர்கூடப் பழைய ரொட்டியைப் பழசு என்று சொல்லித்தான் விற்பார். அப்படியானால் இது நிஜம். அக்கா ஒன்றும் சாப்பிடவில்லை. அதுதான் விஷயமே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“சரிக்கா. எதை நிறுத்துனீங்க?”

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. பெருமாள் அண்ணன்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். “அந்த உருண்டையில மான் கொம்பு இருக்குன்னு சொன்னான் மிஸ்ஸி. கவுச்சில்ல அது? காப்புக் கட்டுன அன்னிக்கே நிறுத்திட்டா. ஒங்க மாத்திரைய விடல, அது சுத்தம்னு சாப்பிட்டா.”

“படிப்படியா நிறுத்தணும்னு சொன்னேனேண்ணே!”

அவர் என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது. “சொன்னீங்கதான். ஆத்தாளுக்குப் படிப்படியாவா வெரதம் இருக்க முடியும், மிஸ்ஸி?”

வேனில்

அம்புரோஸ் அந்த மலை ரோட்டில் அப்படி வேன் ஓட்டி நான் பார்த்ததில்லை. வளைவுக்கு வளைவு போன் சிக்னல் போய்ப் போய் வந்தது. டவுன் ஆஸ்பத்திரி டாக்டரிடம் பாதி கத்தி, பாதி அழுது விஷயத்தைச் சொன்னேன். அவர் மறுகேள்வி கேட்காமல் ஸ்டீராய்டு ஊசியைத் தயாராக வைக்கிறேன் என்றார். அப்போதுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது: உருண்டை ஏற்றிவிட்ட சர்க்கரைக்காக இனிப்பு நீர் மாத்திரையைக் கூட்டினோம். உருண்டை நின்றதும் அந்தக் கூட்டிய மாத்திரையே சர்க்கரையை அடித்துப் போட்டிருக்கிறது. அக்காவின் நாடி என் விரலுக்குக் கீழே வருகிறதா இல்லையா என்று தெரியாத அந்த நேரத்தில், மைக் பிடித்த அந்த ஆள் எதிரே வந்திருந்தால் வேனை அவர் மேல் ஏற்றச் சொல்லியிருப்பேன்.

பெருமாள் அண்ணன் மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். முன்னால் அம்புரோஸ் மாதாவைக் கூப்பிட்டார். எதைக் கூப்பிட்டாலும் பரவாயில்லை, வேகமாகப் போங்கள் என்றேன். அவர் ஸ்டீரிங்கை ஒடித்தபடி சொன்னார்: “ரெண்டு பேரையும் சேத்துக் கூப்பிட்டா ஒன்னும் ஆவாது மிஸ்ஸி, அத மட்டுமாச்சும் சந்தேகப்படாதீங்க.”

இங்கிலீஷ் மருந்து

ஊசி ஏறிக் கொஞ்ச நேரத்தில் பிரஷர் எழுந்து வந்தது. மறுநாள் நான் போனபோது அக்கா தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பெருமாள் அண்ணன் வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த மிச்ச உருண்டைகளை டாக்டர் சோதனைக்கு அனுப்பினார். என் சந்தேகம் சரிதான் என்று பிறகு முடிவு வந்தது. அதிகாரிகளுக்கு நான் புகார் கொடுத்து அவர்கள் பாசார் மாலாமுக்குப் போனபோது, அந்த இடத்தில் யாரோ ஸ்ட்ராபெரி விற்றுக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் அக்காவுக்குச் சின்னச் சின்ன மாத்திரைகள் கொடுத்திருந்தார், வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டே வர. மூட்டுவலி திரும்பி வரும், அதற்கும் முறையாக வைத்தியம் பார்க்கலாம் என்றும் சொல்லியிருந்தார். பால்குடத்தை அண்ணன் எடுக்கப் போகிறார். அக்கா அந்த மாத்திரை ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, “இது என்ன மருந்து மிஸ்ஸி?” என்று கேட்டார்.

“அந்த உருண்டையில கலந்திருந்த அதே மருந்துதான்க்கா. இது ஆஸ்பத்திரியில அளந்து குடுக்கிறது.”

அக்கா காப்பை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டே இருந்தார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தபோது அந்த முகத்தில் நோயைவிடப் பெரிய வேதனை ஒன்று இருந்தது. “அப்ப இத்தன நாளா நான் தின்னது இங்கிலீஷ் மருந்துதானா? அதுக்கா மிஸ்ஸி ஒங்ககிட்ட நான் இவ்வளவு பொய் சொன்னேன்?”

புதிய கேள்வி

இப்போது என் கேள்விப் பட்டியலின் கடைசியில் ஒன்று கூடியிருக்கிறது: எதை நிறுத்தினீர்கள்? போன சோதனை நாளில் பெருமாள் அண்ணனிடம் கேட்டேன். அவர் நெஞ்சை நிமிர்த்தி, எனக்கு நேராகக் குனிந்து, பச்சைப் பாவக்காய் வாசம் கமகமவென்று வீச, “பொய் சொல்றத நிறுத்திட்டேன், மிஸ்ஸி,” என்றார்.

ஆக, இந்த வேலையில் நான் நம்புவது காப்புக் கட்டிய கையை மட்டும்தான், அதுவும் திருவிழா முடிந்து கயிறு அவிழ்கிற வரைக்கும்தான்.