வெள்ளைக் கோட்டைக் கழற்றிய பெண்

இரண்டு வருடங்களுக்கு முன், மதுரையில் நான் வாடகை வேன் ஓட்டிக்கொண்டிருந்தபோது, அழகர்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பள்ளிக்கூடத்தில் நடந்தது இது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். திருப்பூர், கோவா, சூரத் என்று சுற்றியவன். போன இடத்திலெல்லாம் எனக்குச் சோறு போட்டது ஒரே பதில்தான்: "தெரியும்ணே." வெல்டிங் தெரியுமா? தெரியும். வயரிங்? அதுவும் தெரியும். பிறகு பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன். சூரத்தில் முழங்கை வரை சுட்டுக்கொண்டதும் அப்படித்தான்.

அன்று அந்தப் பள்ளியில் இலவச மருத்துவ முகாம். தொண்டு செய்ய வந்திருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணை நான்தான் அழைத்துப் போனேன். கோவா ஓட்டலில் கற்ற இங்கிலீஷ் கைவசம் இருந்ததால் மொழிபெயர்ப்பும் என் தலையில். அவளுக்குப் பத்தொன்பது வயது. டாக்டருக்குப் படிக்க ஆசை. இன்னும் கல்லூரியில் சேரவில்லை. இப்படி வந்துபோனால் இடம் கிடைக்க உதவும் என்றாள். வாழைப்பழத் தோலில் தையல் போட்டுப் பழகுவதாகச் சொல்லிச் சிரித்தாள்.

முகாம் நடத்திய அண்ணன் அவளுக்கு ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டார். நிஜ டாக்டர் மேசையைவிட அவள் மேசையில் கூட்டம் கூடிவிட்டது. அவள் ரத்த அழுத்தம் மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தாள்.

மதியம் ஒரு அக்கா துண்டு சுற்றிய கையோடு வந்தார். ஆட்டுக்குப் புல் அறுக்கும்போது அருவாள் உள்ளங்கையில் இறங்கிவிட்டதாம். "கூலிக்குப் போற கை தம்பி. இது போச்சுன்னா நான் எதை வச்சுப் பொழைக்க?"

டாக்டர் அடுத்த அறையில் மயங்கி விழுந்த ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஊசி, நூல் தட்டைப் பெண்ணின் முன்னால் வைத்தார். "நாலு தையல்தான மாப்ள, போடச் சொல்லு. இதுக்குத்தான அம்புட்டு தூரத்துல இருந்து வந்திருக்கு? இங்க யாரு கேக்கப்போறா?"

அவள் கண்ணில் ஆசை தெரிந்தது. கையுறைகூடப் போட்டுவிட்டாள். பிறகு தயங்கி, தான் டாக்டர் இல்லை என்று அக்காவிடம் சொல்லிச் சம்மதம் கேட்கும்படி என்னிடம் சொன்னாள்.

நான் என் பழக்கப்படி, "பயப்படாதீங்கக்கா, டாக்டரம்மா பாத்துக்கிருவாக" என்றேன்.

அக்கா ரத்தக் கையோடு அவளைக் கும்பிட்டார்.

'டாக்டர்' என்ற சொல் அவள் காதில் விழுந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். வேனில் நான் விளையாட்டாகக் கற்றுக்கொடுத்த தமிழில், "அக்கா, நான் டாக்டர் இல்ல. தெரியாது" என்றாள். அண்ணன் முணுமுணுத்தார். அவள் என் பக்கம் திரும்பி இங்கிலீஷில், "எங்க ஊர்ல இந்தக் கையைத் தொட என்னை விடமாட்டாங்க. இங்க மட்டும் எப்படித் தொடுறது?" என்று அவரிடம் சொல்லச் சொன்னாள். இந்த முறை அப்படியே சொன்னேன்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடி ஆத்தி, உனக்கும் தெரியாதா? சரி, டாக்டரு வாரவரைக்கும் சும்மா புடிச்சுக்க." அவள் தரையில் உட்கார்ந்து, காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் வந்ததும் விரல்களை மடக்கச் சொன்னார். இரண்டு மடங்கவில்லை. உள்ளே விரலை மடக்கும் நரம்பு அறுந்திருக்கிறது, மேலே தைத்து மூடியிருந்தால் அந்த விரல்கள் அப்படியே நின்றுபோயிருக்கும் என்றார். தல்லாகுளம் வழியாகப் பெரியாஸ்பத்திரிக்கு வேனை விரட்டினேன். ஆபரேஷன் முடியும் வரை அவளும் வராந்தாவில் காத்திருந்தாள்.

சில மாதம் கழித்து அதே சாலையில் அந்த அக்காவைப் பார்த்தேன். ஆட்டுக் கயிற்றைச் சுற்றிப் பிடித்திருந்த கையைத் தூக்கிக் காட்டினார். ஐந்து விரலும் மடங்கியிருந்தன.

ஆசைப்பட்டு வந்தது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அத்தனை பேர் முன்னால் 'தெரியாது' என்று சொல்ல அந்தச் சின்ன வயதில் அவளுக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று இன்றும் வியக்கிறேன். புது வேலைக்கு யார் கூப்பிட்டாலும் 'தெரியும்' என்று சொல்ல வாய் திறக்கும்போது, நாற்காலியில் கிடந்த அந்த வெள்ளைக் கோட்டு ஞாபகம் வந்து என்னை நிறுத்திவிடுகிறது.